சாமிக்கு அடியில் இருந்த ஸ்குரு

கையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்துக்கொண்டு குமரேசன் காருக்குள் உட்கார்ந்திருந்தார். எதிரே டேஷ்போர்டின் மேல் இரண்டு சாமிகள். ஸ்டீயரிங் பக்கம் பிள்ளையார். நான் வழக்கமாக உட்காரும் சீட்டுக்கு முன்னால் வேளாங்கண்ணி மாதா.

"மொதல்ல எதை எடுக்கட்டும்?" என்று கேட்டார்.

"உங்க சாமிய நீங்க எடுங்க. எங்க மாதாவத் தொடாதீங்க."

"இத நான் எடுத்தா எங்கம்மா என்னைய வூட்டுக்குள்ளயே வுடாது, ஸ்டெல்லா."

"எங்கப்பா மட்டும் என்னைய வுட்டுருவாரா?"

ஸ்கேலை சீட்டின் மேல் வைத்துவிட்டு என் கணவர் இறங்கிவிட்டார். நான் எட்டு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு, அரூர் வாடகை வீட்டின் தகரக் கொட்டகையில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. கர்ப்ப காலத்தில் எனக்கு இரண்டும் சேர்ந்துதான் வரும்.

ஓசூரில் செல்போன் பாகங்களைப் பூட்டும் கம்பெனியில் நான் வேலை பார்த்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். "அந்தக் கை அதற்கப்புறம் வேறு எதையாவது கழற்றியதா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். ஆமாங்க, கழற்றியது. முழுக்கதையும் சொல்கிறேன்.

ஆவி படியும் கண்ணாடி

கார் எங்களுக்கு மூன்றாவது கை. அதாவது எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் அதை ஆண்டு அனுபவித்துவிட்டார்கள். வெள்ளை நிறம் என்று ஆவணத்தில் இருக்கும். கண்ணுக்குப் பழைய வேட்டி நிறம். ஆனாலும் ஒரு நாளும் நடுவழியில் நின்றதில்லை.

ஒரே ஒரு குறை. மழை வந்தால் முன் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்து வெள்ளையாகிவிடும். கண்ணாடிக்குக் காற்று வரவேண்டிய திருகை எந்தப் பக்கம் திருப்பினாலும் காற்று எங்கள் காலுக்குத்தான் வந்தது. திருகு, சோற்றில் கரண்டி சுற்றுவதுபோல் பிடிப்பில்லாமல் சுற்றியது. வெயில் காலத்தில் வாங்கியதால் இது எங்களுக்குத் தெரியவே இல்லை.

ஐப்பசியில் ஒரு நாள் தர்மபுரியில் ஸ்கேன் எடுத்துவிட்டுத் திரும்பினோம். நல்ல மழை. ஒரு வளைவில் கண்ணாடி முழுக்க வெளுத்துவிட்டது. நான் சேலை முந்தானையால் துடைக்கத் துடைக்க மறுபடி மறுபடி படிந்தது. எதிரே ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. குமரேசன் வண்டியை இடது பக்கம் ஒடித்துச் சேற்றில் இறக்கிவிட்டார். எங்களை உரசாத குறையாக ஒரு பஸ் போனது.

எஞ்சினை அணைத்தார். வயிற்றில் பிள்ளை மட்டும் உதைத்துக்கொண்டிருந்தது.

கார்த்திகையில் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவும் மழைக்காலம்தான். வலி வந்தால் இந்தக் காரில்தான் போக வேண்டும். மறுநாளே மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் திருகைத் திருப்பிப் பார்த்து, "உள்ள கம்பி கழண்டிருக்குது. மேல்மூடிய தூக்குனா மாட்டிடலாம்" என்றார். அப்புறம்தான் டேஷ்போர்டின் மேல் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அக்கா, சாமிய நான் பேத்து எடுக்க மாட்டேன். அதுவும் ரெண்டு மதத்து சாமி. வெச்சவங்களையே எடுக்கச் சொல்லி அப்புறமா கொண்டாங்க."

சாமியை எடுத்துவிட்டால் மற்றதை நானே கழற்றுவேனே என்று வண்டியை வீட்டுக்குத் திருப்பச் சொல்லிவிட்டேன்.

வட்டம் போட்ட இடம்

சாமிகள் வந்த கதையைச் சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது.

எங்களுடையது காதல் கல்யாணம். என் அப்பா சவரிமுத்து, மொரப்பூர் பக்கம் ஒரு கிராமத்தில் கிணற்றுப் பாசனம் செய்பவர். சம்பந்தம் பேசத் தீர்த்தமலைப் பக்கம் இருந்த குமரேசன் வீட்டுக்குத் தனியாகத்தான் போனார். என் மாமியார் அவரை "வாங்க" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவும் சும்மா வரவில்லை. "பையன் ஞானஸ்நானம் வாங்கிக்கட்டும், மத்ததப் பேசலாம்" என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு வந்துவிட்டார். அன்றோடு முடிந்தது. ரிஜிஸ்டர் ஆபீஸ் கல்யாணத்துக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் யாரும் வரவில்லை.

கார் வாங்கிய பிறகுதான் மனசு இளகியது. முதலில் என் மாமியார், அதாவது அத்தை, வந்தார். கணவரை இழந்தவர், ஒற்றை ஆளாக நிலத்தைப் பார்க்கிறவர், யாரிடமும் இறங்கிப் போகாதவர். அவரே பஸ் ஏறி வந்து, காரைச் சுற்றிப் பார்த்தார். டேஷ்போர்டின் மேல் இரண்டு பக்கமும் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இரண்டு வட்ட மூடிகள் இருந்தன.

"சாமி வெக்கறதுக்குன்னே வட்டம் போட்டு வுட்டிருக்கறான் பாரு" என்று சந்தோஷப்பட்டு, ஹார்டுவேர் கடையில் இருப்பதிலேயே கெட்டியான பசையைப் போட்டுப் பிள்ளையாரை உட்கார வைத்தார்.

அடுத்த வாரம் அப்பா வந்தார். பிள்ளையாரைப் பார்த்தார். மறுபக்கத்து வட்டத்தைப் பார்த்தார். "நமக்கும் ஒரு எடம் வுட்டுத்தான் வெச்சிருக்கறாங்க" என்றார். கிணற்றுப் பைப்புக்கு வைக்கிற பசையைப் பிசைந்து மாதாவை ஒட்டினார். பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுத்த சுரூபம் அது.

அவை ஸ்குருவை மூடுகிற மூடிகள் என்று கம்பெனியில் வேலை பார்த்த எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று ஊருக்கே தெரியும். அந்த இரண்டு நாளும் வாயை மூடிக்கொண்டேன். கல்யாணத்துக்கு வராதவர்கள் எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறார்கள். வண்டியின் நடு எஞ்சின் மேல் ஒட்டியிருந்தாலும் நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

எங்களிடம் பேசினார்களே தவிர அவர்கள் இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை. "பிரசவத்துக்கு உங்கப்பாரு வருவாருன்னா நான் வரல" என்றார் அத்தை. "அந்தம்மா இருக்கற எடத்துல எனக்கு என்ன வேலை" என்றார் அப்பா.

இங்கே என் மனசில் இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே அம்மா தவறிவிட்டாள். அக்கா தங்கை கிடையாது. பிரசவ அறைக்குள் என்னோடு யார் வருவார்கள்? இந்தக் கேள்வி சோறு தின்னும்போதும் துணி மடிக்கும்போதும் என் கூடவே இருந்தது. வலியைப் பற்றிகூடப் பயமில்லை. வலிக்கும்போது யாரைக் கூப்பிடுவது என்பதுதான் பயம். அத்தையும் வேண்டும், அப்பாவும் வேண்டும். இரண்டு பேரும் வேண்டும் என்று கேட்க எனக்கு வழி தெரியவில்லை.

ரெண்டு பஸ்

வைத்தவர் கைதான் சாமியை எடுக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு குடும்பமும் ஒரே கட்சி. அதனால் நான் அப்பாவுக்கு போன் செய்து, ஞாயிறு பூசை முடிந்ததும் வரச் சொன்னேன். குமரேசன் அவர் அம்மாவுக்கு போன் செய்து, ஞாயிறு காலை வரச் சொன்னார். நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. கேட்டால் சதி என்பீர்கள். சத்தியமாகக் கிடையாது. இரண்டு மக்குகள் சேர்ந்து குடும்பம் நடத்தினால் இப்படித்தான் நடக்கும்.

மொரப்பூர் பஸ்ஸும் தீர்த்தமலை பஸ்ஸும் கொஞ்ச நேர வித்தியாசத்தில் வந்திருக்கின்றன. இரண்டு பேரும் எங்கள் தெருவில் முன்னும் பின்னுமாக நடந்து வந்து, ஒரே கேட்டின் முன்னால் நின்றார்கள். அப்பா கையில் மடித்த வெள்ளைத் துணி, தீர்த்தத் தண்ணீர் பாட்டில். அத்தை கையில் பித்தளைத் தட்டு, ஒரு பையில் பச்சரிசி, கற்பூரம்.

கேட்டை யார் முதலில் திறப்பது என்று நின்றார்கள். குமரேசன் ஓடிப்போய்த் திறந்துவிட்டு, என்னைப் பார்த்து முழித்தார். நான் வானத்தைப் பார்த்தேன். மழை வருகிற மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் இரண்டு பேரும் என்னிடமே பேசினார்கள்.

"ஏம்மா, உங்கப்பாருதான் கடைசியா ஒட்டுனாரு. அவரே மொதல்ல எடுக்கட்டும்."

"பெரியவங்களே மொதல்ல எடுக்கட்டும்மா."

"யாரு பெரியவங்க? எனக்கு என்ன வயசு ஆச்சுன்னு கேளு!"

இரண்டு பேரையும் விட்டால் கார்த்திகை வந்துவிடும் என்று, "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எடுங்க" என்றேன். அத்தை டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். அப்பா இடது பக்கம் உட்கார்ந்தார். அத்தை கற்பூரம் காட்டினார். அப்பா ஒரு 'அருள்நிறை மரியே' சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டார். சிலையைப் பிடித்து இழுக்க வேண்டாம், வட்டத்தின் ஓரத்தில் ஸ்கேலை வைத்து மெதுவாக நெம்புங்கள் என்று சொல்லிக்கொடுத்தேன்.

டக் என்று ஒரு சத்தம். மறுபடி டக்.

பசை அப்படியே இருந்தது. மூடிதான் கிளிப்பிலிருந்து கழன்று, சாமியோடு சேர்ந்து வந்தது. பிள்ளையாரும் மாதாவும் ஆளுக்கொரு வட்டப் பீடத்தில் நின்றபடி கைக்கு வந்தார்கள். ஒரு கீறல் இல்லை.

அத்தை குனிந்து ஓட்டையைப் பார்த்தார். உள்ளே ஸ்குருவின் தலை தெரிந்தது.

"அடக் கடவுளே! ஸ்குரு மேலயா சாமிய குந்த வெச்சேன்?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அத்தை திரும்பி அவர் பக்கத்து ஓட்டையைப் பார்த்தார்.

"இவரு மட்டும் எது மேல வெச்சாராம்?" என்று என்னிடம் கேட்டார். அப்பாவின் சிரிப்பு நின்றது. இப்போது அத்தைக்குச் சிரிப்பு.

தூறல் போட ஆரம்பித்தது. மாதாவை எங்கே வைப்பது? அப்பா பின்சீட்டில் வெள்ளைத் துணியை விரித்து வைத்துப் பார்த்தார். சீட் சரிவாக இருந்ததால் சுரூபம் சாய்ந்துகொண்டே இருந்தது. அத்தை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அரிசி பரப்பிப் பிள்ளையாரை வைத்திருந்த தட்டைப் பின்சீட்டில் நகர்த்திவைத்தார்.

"இதுலயே வெக்கச் சொல்லும்மா. அரிசியில நின்னா சாயாது."

அப்பா வைத்தார். சாயவில்லை.

ரவிக்கைக் கொக்கி

அப்புறம் வேலை என் கட்டுப்பாட்டுக்கு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடி, கம்பெனியில் என் சூப்பர்வைசர் என்னை விரட்டியதுபோல் எல்லோரையும் விரட்டினேன்.

குமரேசன் இரண்டு ஸ்குருவையும் கழற்றினார். மேல்மூடியை ஓரத்திலிருந்து தூக்கி, நடுவில் காற்று வரும் சட்டத்தை நெம்பச் சொன்னேன். ஒவ்வொரு கிளிப்பும் ஒவ்வொரு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. நாலாவது கிளிப் சத்தமே வேறு மாதிரி இருந்தது.

"ஒடச்சிட்டீங்களா?"

"தானா ஒடஞ்சிச்சு."

"தானா ஒடயறதுக்கு அது என்ன அப்பளமா?"

மூடியைத் தூக்கியதும் உள்ளே தூசி, ஒரு காய்ந்த வேப்பிலை, யாரோ தொலைத்த ஊக்கு. பின்னால் இருட்டில் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் ஒரு சின்ன வளையம். வளையம் போய் மாட்ட வேண்டிய பிளாஸ்டிக் முளை இன்னும் உள்ளே இருந்தது. குமரேசனின் கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. அப்பாவின் விரல்கள் மண்வெட்டி பிடித்துத் தடித்தவை, வளையத்தைப் பிடிக்கவே முடியவில்லை. நான் எழுந்து போய்க் குனியப் பார்த்தேன். கதவுக்கும் எனக்கும் நடுவில் என் பிள்ளை இருந்தது.

"தள்ளுடா" என்றார் அத்தை. சேலையைச் செருகிக்கொண்டு இடது சீட்டில் ஏறினார். ஒல்லியான கை. வளையல் இல்லாத கை. முழங்கை வரைக்கும் உள்ளே போய்விட்டது.

"ஒண்ணும் தெரியலயே. எதுல மாட்டறது?"

"உள்ள ஒரு முளை இருக்கும் அத்தை. கம்பியோட வளையத்த அதுல மாட்டணும். ரவிக்கைக்குப் பின்னாடி கொக்கி மாட்டற மாதிரி."

"அத மொதல்லயே சொல்றதுக்கு என்ன! அத நான் கண்ண மூடிக்கிட்டே மாட்டுவேன்."

அப்பா செல்போன் வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டிருந்தவர், ரவிக்கை என்றதும் கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முகத்தோடு வெளிச்சமும் திரும்பிவிட்டது.

"அண்ணா, லைட்ட எங்க காட்டறீங்க? இங்க காட்டுங்க!"

அண்ணா. அத்தை வாயிலிருந்து தவறித்தான் வந்தது. வந்த பிறகு அவருக்கே தெரிந்திருக்க வேண்டும், ஒரு நொடி கையை அசைக்காமல் இருந்தார். அப்பா இரண்டு கையாலும் போனைப் பிடித்து, வெளிச்சத்தைச் சரியாகக் காட்டினார்.

"மாட்டிக்கிச்சு" என்றார் அத்தை.

பேசுங்க

எல்லாவற்றையும் பூட்டிய பிறகு ஒரு சிக்கல். சரியாகிவிட்டதா என்று பார்க்கக் கண்ணாடியில் ஆவி படிய வேண்டும். ஆவி படியவில்லை. இத்தனை நாள் எங்கள் உயிரை வாங்கிய கண்ணாடி, வேண்டும் என்றபோது பளிச்சென்று இருந்தது.

"நாலு பேரும் உள்ள உக்காந்து கண்ணாடிய ஏத்திட்டா படிஞ்சிரும்" என்றார் குமரேசன்.

முன்னால் நானும் அவரும். பின்னால் இரண்டு ஓரத்திலும் அப்பாவும் அத்தையும். நடுவில் தட்டில் சாமிகள். வெளியே தூறல் தகரத்தில் விழுகிற சத்தம். உள்ளே கற்பூர வாசனை, ஈரத் துணி வாசனை. எல்லோரும் மூச்சுக்கூட அளந்து விட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படி இருந்தால் எங்கே ஆவி படியும்?

"சும்மா இருந்தா படியாது. பேசுங்க" என்று சொல்லிவிட்டேன்.

அப்பாதான் முதலில் தொண்டையைச் செருமினார்.

"உங்க பக்கம் மழை எப்புடிங்க?"

"நல்ல மழைங்க. மரவள்ளிதான் தண்ணி நின்னு அழுகிப்போவுது."

"வாய்க்கா எடுத்து வுட்டுறணுங்க."

"ஒத்த ஆளு நான். எந்தப் பக்கம்னு வாய்க்கா எடுக்கறது?"

"சொல்லியனுப்புனா நான் வந்து எடுக்கறேங்க" என்றார் அப்பா.

கண்ணாடி அடியிலிருந்து மங்க ஆரம்பித்தது. அத்தை வெளியே பார்த்தபடி திடீரென்று கேட்டார்.

"பிரசவ வார்டுக்குள்ள ஆம்பளைங்கள வுட மாட்டாங்க. தெரியுங்களா?"

"தெரியுங்க." அப்பாவின் குரல் இறங்கிவிட்டது. "அத நெனச்சுதான் எனக்குச் சோறு எறங்கல. இவங்கம்மா இருந்திருந்தா நான் எதுக்குங்க கவலப்படறேன். பெத்தவன் வாசல்ல நின்னுக்கிட்டு, உள்ள புள்ள கத்தறத கேட்டுக்கிட்டு..."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அழுதுவிடுவேன். கண்ணாடியையே பார்த்தேன். அது முழுக்க வெளுத்திருந்தது.

"உள்ள நான் இருக்கறேன்" என்றார் அத்தை. "நீங்க வாசல்ல இருங்க. பொறந்ததும் வெளிய வந்து மொதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன், சம்மந்தி."

குமரேசன் திரும்பினார். "அம்மா, அப்போ நானு?"

"உனக்கு அப்பறம்."

நான் அழுதேன். அடக்கவெல்லாம் முயற்சி செய்யவில்லை, வாய்விட்டே அழுதேன். பயந்துபோன குமரேசன் என்ன செய்வது என்று தெரியாமல் திருகைத் திருப்பினார். காற்று கண்ணாடிக்குப் போயிருக்க வேண்டும். எப்போது தெளிந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

வாசல்

கார்த்திகையில், மழை கொட்டுகிற ஒரு மத்தியானத்தில், எனக்கு வலி வந்தது. தர்மபுரி வரைக்கும் ரோடு தெளிவாகத் தெரிந்தது. பின்சீட்டில் என் தலை அத்தை மடியில் இருந்தது. மொரப்பூரிலிருந்து அப்பா எங்களுக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றிருந்தார்.

வாசலில் நடந்ததை நான் பார்க்கவில்லை. குமரேசன் சொல்லித்தான் தெரியும். இன்றைக்கும் சொல்லிக் குறைப்பட்டுக்கொள்வார். துணியில் சுற்றிய பிள்ளையோடு அத்தை வெளியே வந்தாராம். இவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினாராம். அத்தை இவரைத் தாண்டிப்போய், சுவரோரம் நின்ற அப்பாவின் முன்னால் நின்றாராம்.

"பேத்தி பொறந்திருக்கறா, சம்மந்தி."

அப்பா பிள்ளையைப் பார்க்கவே இல்லையாம். கதவைத்தான் பார்த்தாராம்.

"என் பொண்ணு?"

"நல்லா இருக்கறா. அம்மா அம்மான்னு கூப்புட்டா. நான்தான் 'ஏன் கண்ணு, ஏன் கண்ணு'ன்னு பதிலுக்குக் கேட்டுக்கிட்டே இருந்தேன்."